காற்றின் கண்

எறிந்தவர் யாருமில்லை.
நவம்பர் நள்ளிரவில் வடகடல் எழுந்து வந்து
எதிர்வீட்டு ஓடொன்றைக் கழற்றி
தர்சா ஆக்ஸ்டபியின் மாடி ஜன்னலில் போட்டது.

விட்பியில் அது செங்குத்தான தெரு.
பெயர் கேட் என்று முடியும்.
வெளியூர்க்காரர்கள் கதவைத் தேடுவார்கள்.
கதவில்லை. படகில் வந்தவர்களின் பாஷையில்
கேட் என்றால் தெருதான்.
ஊர்ப்பெயரின் வாலில் ஒரு பி,
அவள் பெயரின் வாலில் ஒரு பி,
இரண்டும் அவர்கள் இறங்கிக் குடிசை போட்ட இடம்.

அகராதிக் கம்பெனி ஒன்றுக்கு
வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துகிறாள்.
இந்த மாதம் டபிள்யூ.
கண்ணாடி நொறுங்கிய கணத்தில்
டபிள்யூ முழுக்க எழுந்து பறந்தது.
வாட்டர் கட்டிலுக்கடியில்.
விண்டர் ஹீட்டரின் மேல்.
விடோ அவள் காலடியிலேயே விழுந்தது,
அதைத் தாண்டிப் போனாள்.
விண்டோ என்ற தாளை மட்டும் காணோம்.
வந்த வழியே கூட்டிப் போயிருக்கிறது காற்று.

போனால் போகட்டும், அவளுக்கு மனப்பாடம்.
விண்ட்ர், காற்று. அவுகா, கண்.
புகை போக, வெளிச்சம் வர விட்ட ஓட்டைக்கு
அந்தக் கடலோடிகள் வைத்த பெயர்
காற்றின் கண்.
அதற்கு முன் இங்கிலாந்துக்காரனிடம்
கண்துளை என்று சொந்தமாக ஒரு சொல் இருந்தது.
சண்டை போடாமல் செத்துப்போனது.
அதன் துளை மட்டும் தப்பி
இன்றும் மூக்கில் மூச்சு விடுகிறது: நாஸ்ட்ரில்.

இதை எழுதும் எனக்கு இங்கே கை நிற்கிறது.
காற்று நடக்கும் வழி, காலதர் வைத்திருந்தோம்.
கண்கள் பல, பலகணி வைத்திருந்தோம்.
இரண்டையும் சாத்திவிட்டு
போர்த்துகீசியன் கப்பலில் வந்த ஜன்னலைத்தான்
தினமும் திறக்கிறோம்.
கடல் யாரை விட்டது.

விடியும்வரை கோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.
ஓட்டைக்கு அப்பால் ஸ்கை.
கொண்டுவந்தவர்கள் அந்தச் சொல்லால் மேகத்தைத்தான் சொன்னார்கள்.
பிறகு அது வானமானது, மற்ற ஊர்களில்.
விட்பிக்கு இன்னும் தகவல் வரவில்லை.

ஹெச் பார்த்தது இரண்டு வருஷம் முன்பு.
ஹஸ்பண்ட்: வீட்டில் குடியிருப்பவன்.
பிழையில்லை என்று டிக் போட்டாள்.
ஆல்வின் ஜூன் மாதம் ஒரு வேன் வாங்கினான்,
இப்போது வேனில் குடியிருக்கிறான்.
சொல் என்ன செய்யும் பாவம்.

தங்கை போனில் கேட்டாள், ஸேடா இருக்கியா?
ஸேட் என்றால் முதலில் நிறைந்தவன்,
இலை மடித்துவிட்டு எழ முடியாதவன்.
நிறைந்தது கனத்து, கனத்தது கீழே இறங்கி,
இன்றைக்கு இருக்கும் இடத்துக்கு வந்தது.
"ஆமா," என்றாள் தர்சா.
"போதும் போதும்னு ஆயிடுச்சு."

பத்து மணிக்கு ஸ்டெயின்தோர்ப் வந்தான்,
காதில் பென்சில், கையில் டேப்.
ஓட்டை வழியாகத் துறைமுகத்தைப் பார்த்து
"நைஸ்" என்றான்.
லத்தீனில் அதற்கு ஒன்றும் அறியாதவன் என்று பொருள்.
அவள் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள்.
டீ சீனாவின் கரையிலிருந்து. அதையும் சொல்லவில்லை.

"ரெட்டைக் கண்ணாடி, மேடம். பத்து வருஷம் கேரண்டி.
ஒரு பொட்டுக் காத்து புகாது."

காற்று புகாத காற்றின் கண்.
அவள் சிரித்ததற்கு
விலை அதிகமென்று நினைத்துக்கொண்டு
இருபது பவுண்டு குறைத்தான்.

ஆபீசுக்கு எழுதினாள்:
ஒரு தாள் தொலைந்தது, மறுபடி அனுப்பவும்.
எந்தத் தாள் என்றார்கள். விண்டோ.
எப்படி என்றார்கள். விண்டோ.
இரண்டு நாள் பதிலில்லை.

புதுக் கண்ணாடியின் நடுவே
கம்பெனி ஸ்டிக்கர், வெள்ளையாய் வட்டமாய்,
பூ விழுந்த கண் போல.
நகத்தால் சுரண்டினாள். பாதி வந்தது.
மீதியை விட்டுவிட்டு
டபிள்யூவை அடுக்க உட்கார்ந்தாள்.

வெளியே அது நின்றுகொண்டிருந்தது
தன் கண்ணில் தானே முகத்தை வைத்து,
உள்ளே விளக்கு எரிவதைப் பார்த்தபடி.